லக்சிகாவின் இன்டர்வியூவும் ராஜரத்தினத்தின் பியூஸும்

உருத்திரபுரத்தில் விமலேஸ்வரியின் ஒழுங்கையில் ராஜரத்தினம் என்றொரு வெல்டிங்காரர் இருக்கிறார். அவர் வெல்டிங் பிளான்டைப் போட்டால் ஒழுங்கை முழுக்கக் கரண்ட் இறங்கும். பிரிட்ஜ் முனகும், டிவியில் நாடகக்காரி பாதி அழுகையில் மறைந்துபோவாள். அதனால் அவரே ஒரு வழக்கம் வைத்திருந்தார். கடை வாசல் வேம்பில் தொங்குகிற தண்டவாளத் துண்டில் முதலில் இரண்டு அடி. அதைக் கேட்டுச் சனம் பிரிட்ஜையும் டிவியையும் நிற்பாட்டிய பிறகுதான் பிளான்ட். வேலை முடிந்தால் ஒரு அடி. பதினொரு வருசத்தில் ஒரு நாளும் அது தவறியதில்லை. சனிக்கிழமைகளில் மனிதர் கொஞ்சம் குடிப்பார், பாட்டும் படிப்பார், அதுவும் சுருதி சேராமல். ஆனால் அந்த இரண்டு அடியில் பிழை பிடிக்க ஒழுங்கையில் ஆள் இல்லை.

விமலேஸ்வரியின் ஒரே மகள் லக்சிகா. வவுனியாவில் கம்பஸ் முடித்து ஒன்றரை வருசமாக வீட்டில் இருந்தாள். கொழும்பில் ஒரு சொப்ட்வெயர் கம்பனி அவளை ஒன்லைன் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. வியாழக்கிழமை, காலை பத்து மணி. தாய் விசயத்தை இரகசியமாகத்தான் வைத்திருந்தாள். சந்தியில் மீன் வாங்கும்போது நாலு பேருக்கு மட்டும் சொன்னாள். புதன் பின்னேரம் வீடு வீடாகப் போய், பத்திலிருந்து பதினொன்று வரைக்கும் ஒருவரும் சத்தம் போடக்கூடாது என்று கேட்டுக்கொண்டாள். பக்கத்து வீட்டுத் தங்கராசா தன் தண்ணீர் மோட்டரை நிற்பாட்டச் சம்மதித்தார். ராஜரத்தினம் ஒரு படி மேலே போனார்.

"பத்துல இருந்து பன்னெண்டு வரைக்கும் நான் பிளான்டே போடல அக்கா. தங்கராசா அண்ணனோட இரும்புக் கேற் ஒரு நாளு பொறுக்கும். புள்ள நல்லபடியா செய்யட்டும்."

பிள்ளை படித்த விதம்தான் கொஞ்சம் இடக்கு. ஏ.எல். சோதனைக்குப் பழைய பேப்பர்களைப் பாடமாக்கிய மாதிரி, இன்டர்வியூக்களில் கேட்கிற கணக்குகள் நூற்று நாற்பதை விடையோடு இரண்டு தடித்த சீ.ஆர். கொப்பிகளில் எழுதி, கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவிப்பாள். எந்த விடை எந்தப் பக்கத்தில், எந்த மூலையில் இருக்கிறதென்று தெரியும். அது ஏன் விடை என்று மட்டும் தெரியாது.

வியாழக்கிழமை கணினியில் வந்தவர் பெயர் பிரதாபன். இங்கிலிசில் தொடங்கினார், இவள் திணறுவதைக் கண்டு தமிழுக்கு மாறினார். பைனரி சேர்ச் ட்ரீயில்தான் கேள்வி. எண்களை ஒரு மரம்போலக் கிளை பிரித்து அடுக்குவது அது. எந்த எண்ணை எடுத்தாலும் அதற்கு இடப்பக்கம் உள்ளதெல்லாம் சின்னது, வலப்பக்கம் உள்ளதெல்லாம் பெரியது. ஒரு மரத்தைக் கொடுத்தால் அடுக்கு சரியா பிழையா என்று கண்டுபிடிக்கிற புரோகிராம் எழுதவேண்டும்.

லக்சிகாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. முதலாம் கொப்பி, முப்பத்தேழாம் பக்கம். நாலு நிமிடத்தில் எழுதி முடித்தாள். ஒவ்வொரு எண்ணும் தனக்கு நேர் கீழே உள்ள இரண்டு எண்ணோடும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற விடை.

"கெதியா எழுதிறீங்கள்," என்றார் பிரதாபன். "இப்ப நான் ஒரு மரம் கீறுறன். உங்கட விடைக்குள்ள போட்டுப் பாருங்கோ."

உச்சியில் ஐம்பது. அதற்கு வலப்பக்கம் எழுபது. எழுபதுக்கு இடப்பக்கம் நாற்பது.

"சரியான மரம்," என்றாள். எழுபது ஐம்பதைவிடப் பெரிது, நாற்பது எழுபதைவிடச் சின்னது.

"அப்ப உச்சியில நிண்டு நாற்பதைத் தேடுங்கோ பாப்பம்."

நாற்பது ஐம்பதைவிடச் சின்னது. ஆகவே இடப்பக்கம் போகவேண்டும். இடப்பக்கம் ஒன்றுமே இல்லை. நாற்பது வலப்பக்கத்தில் கிடந்து பல்லிளித்தது.

"எங்க பிழைச்சது, லக்சிகா? ஆறுதலா யோசியுங்கோ."

முப்பத்தெட்டாம் பக்கத்தில் வேறு கணக்கு. வெளியே மோட்டர் இல்லை, நாய் இல்லை, ஒரு குரல் இல்லை. அவள் விடை சொல்வாள் என்று ஒழுங்கை முழுக்க வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. ஒரு சத்தம் வந்திருந்தால் அதன்மேல் பழியைப் போட்டிருக்கலாம். இரண்டு நிமிடம் போனது. லக்சிகா மேசைக்குக் கீழே கையை விட்டு, ரவுட்டரின் பிளக்கை இழுத்துவிட்டாள்.

கதவடியில் தாய் நின்றாள். "என்ன பிள்ளை, முடிஞ்சுதோ?"

"கரண்ட் இறங்கி லைன் நிண்டுட்டுது அம்மா."

அவள் ஒருவர் பெயரும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒழுங்கையில் கரண்ட் இறங்கினால் அதற்கு ஒரு பெயர்தான் உண்டு. அது அவளுக்குத் தெரியும். தாய் வெல்டிங் கடைப்பக்க வேலிக்குப் போகிற வேகத்தைப் பார்த்தும் அவள் எழும்பவில்லை.

"ராஜரத்தினம், ஒரு மணித்தியாலம் பொறுக்கேலாதோ உமக்கு? என்ர பிள்ளையின்ர வாழ்க்கையெல்லே."

"நான் போடல அக்கா. சும்மாதான் குந்தியிருக்கேன். வேணும்னா பிளான்ட தொட்டுப் பாருங்க, சில்லுனு கெடக்கு."

"இரும்பில அடிக்காமல் களவாப் போட்டிட்டு இப்ப கதை சொல்லுறீர். உங்கட ஆக்களை நம்பினனே, அது என்ர பிழை."

உங்கட ஆக்கள் என்றால் மலைநாட்டிலிருந்து வந்தவர்கள். ராஜரத்தினத்தின் தாய் தகப்பன்தான் வந்தவர்கள். அவர் பிறந்தது இங்கே கிளிநொச்சியில், படித்தது விமலேஸ்வரியின் தம்பியோடு ஒரே வாங்கில். அவர் மனைவி சிவலட்சுமி வந்து, "உள்ள வாங்க," என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஜன்னல் சீலைக்குப் பின்னால் லக்சிகா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தால் ஐந்து சொல்லில் முடிகிற விசயம். திறக்கவில்லை.

கரண்ட் போய்விட்டது என்று அன்றைக்கே கம்பனிக்கும் எழுதினாள். பாவப்பட்டு அடுத்த வியாழக்கிழமை மறுபடி நேரம் கொடுத்தார்கள். அதற்கிடையில் சந்தியில் கதை வளர்ந்தது. நெருப்புப் பொறி பறந்ததைக் கண்ணால் கண்டவர்கள் இரண்டு பேர் கிடைத்தார்கள். பிள்ளை வேலைக்குப் போகிற எரிச்சலில் செய்தவன் என்றார் ஒருவர். இவ்வளவு நாளும் எத்தனை தரம் அடிக்காமல் போட்டானோ என்றார் இன்னொருவர். தன் பிரிட்ஜ் போன வருசம் பழுதானதற்கும் அதுதான் காரணம் என்று ஒரு மனுசி முடிவு கட்டினாள்.

லக்சிகா கடைப்பக்கம் போவதை விட்டு, வாய்க்கால் வரம்பால் சுற்றிப்போனாள். கொப்பிகளை மூடிவைத்துவிட்டு, அந்த ஒரு மரத்தையே வெறுந்தாளில் திரும்பத் திரும்பக் கீறினாள். மூன்றாம் நாள் விளங்கியது. தகப்பன் காணியை மகனுக்குப் பிரித்து, மகன் தன் துண்டைப் பேரனுக்குப் பிரித்தால், பேரனுடைய புது வேலியை மட்டும் பார்த்தால் போதாது. பழைய வேலியும் அங்கேதான் நிற்கிறது. ஐம்பதிலிருந்து வலப்பக்கம் இறங்கும்போது "ஐம்பதுக்கு மேல்" என்கிற வேலியும் கூட இறங்கவேண்டும். எழுபதில் இடப்பக்கம் திரும்பினால் "எழுபதுக்குக் கீழ்" என்று இன்னொன்று. அந்த இரண்டுக்கும் நடுவில் நாற்பதுக்கு இடமில்லை. இப்படிப் பார்த்தால் ஒவ்வொரு எண்ணையும் ஒரே ஒரு தரம் பார்த்து முடித்துவிடலாம். பன்னிரண்டு வரிக் கணக்கு. அதற்காகத்தான் ஒரு மனிதரின் பெயரைக் கெடுத்திருந்தாள்.

இரண்டாம் இன்டர்வியூவுக்கு முதல் நாள் பின்னேரம் ராஜரத்தினம் அவர்கள் வீட்டு வாசல் படலையடிக்கு வந்தார். உள்ளே வரவில்லை. கையில் வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டை. கடை மீட்டருக்குக் கீழே இருப்பது.

"இத நீங்களே வச்சிருங்க அக்கா. இது இல்லாம நம்ம பிளான்ட் ஓடாது. நாளைக்கு யாரும் என்னய ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல."

விமலேஸ்வரி வாங்கிக்கொண்டாள். "இதை அண்டைக்கே செய்திருக்கலாம்," என்றும் சொன்னாள். லக்சிகாவுக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம்போல இருந்தது.

மறுநாள் தாய் அந்தக் கட்டையைக் கொண்டுவந்து மகளின் கணினிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். பிரதாபன் சிரித்த முகத்தோடு வந்தார்.

"இண்டைக்குக் கரண்ட் பிரச்சினை இல்லையே? சரி, விட்ட இடத்திலயிருந்தே தொடங்குவம்."

விடை விரல் நுனியில் இருந்தது. லக்சிகா பியூஸைப் பார்த்தாள்.

"சேர், அண்டைக்குக் கரண்ட் போகேல்லை. விடை தெரியேல்லை எண்டு நான்தான் பிளக்கை இழுத்தனான்."

அவர் "சரி, எழுதுங்கோ," என்றார். எழுதினாள். ஏன் அப்படி என்று கேட்டார். சொன்னாள். "இது சரி," என்றார். பிளக் விசயத்தைப் பற்றியோ வேலையைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை.

முடிந்ததும் பியூஸை எடுத்துக்கொண்டு வெல்டிங் கடைக்கு நடந்தாள். என்ன ஏது என்று தாயும் பின்னால் வந்தாள். கடையில் தங்கராசா தன் கேற்றுக்காகக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழுந்தால் கதை பரந்தன் வரைக்கும் போகும். லக்சிகா ஒரு கணம் தயங்கினாள். பிறகு, அவர் இருப்பதும் நல்லதுதான் என்று நினைத்தாள்.

"அண்ணை, அண்டைக்கு நீங்கள் பிளான்ட் போடேல்லை. நான்தான் பிளக்கைக் கழட்டினனான். அம்மாவுக்குப் பொய் சொன்னனான்."

தங்கராசா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். விமலேஸ்வரி முந்தானையை வாய்க்குக் கொடுத்துக்கொண்டு நின்றாள். சிவலட்சுமி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள், வெளியே வரவில்லை.

ராஜரத்தினம் பியூஸை வாங்கி, தூசி இல்லாத இடத்தில் தூசி தட்டினார்.

"அந்த ஒரு கெழமையும் நான் இரும்புல அடிக்கிற நேரமெல்லாம், இத எவன் நம்புவான்னு நெனச்சுத்தான் புள்ள அடிச்சேன்," என்றார். பியூஸைப் போட்டார். வேம்படிக்குப் போய் இரண்டு அடி அடித்தார்.

விமலேஸ்வரிதான் முதலில் திரும்பினாள். ஒருவர் முகத்தையும் பாராமல், வீட்டுக்குப் பிரிட்ஜை நிற்பாட்டப் போனாள்.