செம்மஞ்சள் பாறையும் என் சுண்ணாம்புச் சோதனையும்

போன மாசியில் நான் அம்பாசமுத்திரம் போகக் காரணம் ஒரு பாறை. நண்பர் சங்கரலிங்கம் தோட்டத்தில் கிணறு வெட்ட ஆள் வைத்திருந்தார். குறித்த இடத்துப் பாறையில் செம்மஞ்சள் நிறம் வட்ட வட்டமாகப் படர்ந்திருந்தது. அம்மனுக்கு மஞ்சள் பூசிய கல் என்று ஆட்கள் உளியைக் கீழே வைத்துவிட்டார்கள். வாழை காய்ந்துகொண்டிருந்தது. பாளையங்கோட்டையில் இயற்கைநூல் கற்பிக்கும் எனக்குக் கடிதம் வந்தது. ஒரே நாளில் தீர்த்துவைக்கிறேன் என்று பதில் எழுதினேன்.

திருநெல்வேலியில் காலை ஏழு மணிக்கு ரயில் ஏறினால் ஒன்பதரைக்கு அம்பாசமுத்திரம். அங்கிருந்து பாபநாசம் சாலையில் நாலு மைல், மாட்டுவண்டிக்கு ஆறணா. எட்டணா கேட்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

பாறையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மசாலாவுக்குக் கடையில் வாங்குகிறோமே கல்பாசி, அதன் உறவுதான். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஓரம் மடல் மடலாக இருந்தது, நடுவே குட்டிக் கிண்ணங்கள் தெரிந்தன. சுண்ணாம்பு பட்டால் இது சிவக்கும். கல்லுடைப்பவர்களின் தலைவர் மாடசாமியிடம் வெற்றிலைச் சுண்ணாம்பு வாங்கிக் கரைத்து ஒரு சொட்டு விட்டேன். சிவந்தது. வெற்றியோடு நிமிர்ந்தால், ஆட்கள் அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்!

“மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா செவக்கும்னு எங்க வீட்டுப் பொம்பளையளுக்கே தெரியுமே வாத்தியாரய்யா,” என்றார் மாடசாமி.

நான் வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவன். வீட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தி எடுக்கும் வழக்கமில்லாததால் இது நினைவுக்கே வரவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் விடுவேனா? மஞ்சளைக் குழைத்துப் பக்கத்திலேயே பூசினேன். ஒரு குடம் தண்ணீர் ஊற்றி இரண்டையும் துணியால் தேய்த்தேன். மஞ்சள் கரைந்து ஓடியது. பாசி அப்படியே இருந்தது.

“பார்த்தீரா? இது மனுசன் பூசினதே இல்லை!” என்றேன்.

மாடசாமி கைகூப்பினார். “அதத்தான்யா நாங்களும் சொல்லுதோம். மனுசன் பூசுனது கழுவுனா போயிருது. இது போகலையே.”

“போதும்வே,” என்றார் சங்கரலிங்கம். “நீரு இன்னொரு சோதனை பண்ணுனா இங்கனயே கோயில் கட்டிருவாங்க.” கிணற்றுக்கு இடம் குறித்திருந்த முளைக்குச்சியைப் பிடுங்கிப் பதினைந்தடி கிழக்கே அடித்தார். அன்று மாலையே வேலை தொடங்கியது.

இந்தப் பாசியைப் பார்க்க விரும்புகிறவர்கள் வெயில் நன்றாக விழும் பாறைகளில் தேடுங்கள். கண்ணாடி போதும், சுண்ணாம்பை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அது பாசிதான், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

சித்திரையில் நண்பரிடமிருந்து கடிதம் வந்தது. கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டது, மிஞ்சிய வாழை பிழைத்தது. செவ்வாய்தோறும் ஆட்கள் அந்தப் பாறைக்கு மஞ்சள் பூசி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, துணியால் துடைக்கிறார்களாம், நான் செய்து காட்டிய முறைப்படியே.