வாசலில் வேப்பங்கொத்து

அகரத்தில் எங்கள் பக்கத்து வீட்டில், ஒடிசாவிலிருந்து மில் வேலைக்கு வந்த தம்பதி குடியிருக்கிறார்கள். மனைவி சபிதா அப்போது நிறைமாத கர்ப்பிணி. ஒரு நாள் காலை அவர்கள் வாசலில் வேப்பங்கொத்து தொங்கியது. அம்மை கண்டிருக்கிறது என்று தெருவில் யாரும் உள்ளே போகவில்லை. உள்ளே முனகல் கேட்டும், நான் கொண்டுபோன மோரை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

கர்ப்பிணிகளைப் பார்க்க வந்த கிராம செவிலியரையும் தடுத்தேன்.

"உள்ள போகாதீங்கம்மா, அம்மை போட்டிருக்கு."

"யாரு பாத்தா?"

"வேப்பிலை கட்டியிருக்காகல்ல!"

"அம்மைன்னா நான்தானக்கா மொதல்ல போகணும். செத்த தள்ளுங்க."

கணவர் மில்லுக்குப் போயிருக்க, உள்ளே சபிதா தனியாகப் பிரசவ வலியில் சுருண்டு கிடந்தாள். வேப்பிலை, கொசுப்புகை போடக் காயவைத்ததாம். ஆம்புலன்ஸ் சரியான நேரத்தில் வந்தது. பெண் குழந்தை.

இப்போது அந்த வாசலில் எது தொங்கினாலும், "சபிதா, நல்லாருக்கியாம்மா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விடுகிறேன். குட்டிதான் முதலில் கத்திப் பதில் சொல்கிறாள்.