வாயைத் திற என்றார் மேஸ்திரி

ரங்கூனில் நான் பார்த்த வேலைகளில் லான்மடாவ் கிட்டங்கி வேலைதான் உடம்புக்குச் சுளுவானது. மூட்டை கிடையாது, புட்டிதான். பிரான்சிலிருந்து கப்பலில் வரும் சிவப்பு ஒயினை அடுக்கிவைத்து, துரைமார் கிளப்புகளுக்கு அனுப்ப வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இருபத்திரண்டு வயதுக்குள் நான்கு ஊர்களில் தங்கிப் பார்த்தாயிற்று. இங்கே ஓராண்டு நிலைத்ததே அதிசயம்.

அந்த ஒயினைச் செய்வது ஒரே குடும்பம் என்று மேஸ்திரி சொல்லுவார், ஏதோ தன் மாமனார் வீட்டுச் சரக்கு மாதிரி. தகப்பன் திராட்சை பயிரிடுவானாம், பிள்ளைகள் பிழிவார்களாம், வேற்றாள் கை படாதாம். புட்டியில் ஒட்டிய தாளில் அவர்கள் வீடும் தோட்டமும் படமாக இருந்தன.

பெட்டிக்குள் புட்டிகள் வைக்கோல் சுற்றிப் படுத்தபடி வரும். மேஸ்திரி எண்ணெய்க் கடையில் வளர்ந்தவர். "படுக்கப் போட்டா ஒழுகும்டா, எழுப்பி நிறுத்துங்க" என்பார். தகரக் கூரையைத் தொடும் உயரம்வரை பலகைகளில் நிறுத்திவைத்தோம்.

பங்குனி வெயிலில் ஒரு கிளப்பிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. கிட்டங்கித் துரை ஒரு புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கழுத்துவரை இருக்க வேண்டிய ஒயின் இரண்டு விரற்கடை கீழே நின்றது. கூலிகள் குடிக்கிறார்கள் என்று முடிவு கட்டினார்.

அன்று முதல் சாயங்காலம் வாசலில் எட்டுப் பேரும் வரிசையில் நிற்க வேண்டும். மேஸ்திரி ஒவ்வொருவர் வாயையும் முகர்ந்து பார்த்துத்தான் வெளியே விடுவார். ஒருவன் வேண்டுமென்றே பச்சை வெங்காயத்தை மென்று, அவர் முகத்துக்கு நேரே ஏப்பம் விட்டான்.

"சரக்கு எப்படி மேஸ்திரி, பழசா புதுசா?"

சிரித்தோம். சிரிப்பு மூன்று நாள்தான். சனிக்கிழமைக்குள் குடித்தவன் யாரென்று தெரியாவிட்டால் எட்டுப் பேருக்கும் வேலை இல்லை என்று துரை சொல்லிவிட்டார்.

அதன் பிறகு எல்லார் பார்வையும் என் பக்கம் திரும்பியது. விடுமுறையில் கள்ளுக்கடைக்குப் போகிறவன் நான் ஒருவன்தான். கூலிகள் தங்கும் லைனில் எனக்குப் பக்கத்துப் பாயில் படுக்கும் பாய்க்காரர் மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, நீயே ஒத்துக்கிட்டுப் போயிடேன். உனக்கென்ன, ஊர் ஊராத் திரியிறவன். எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்கு."

"நான் குடிப்பேன் அண்ணே. திருட மாட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதாங்கிறான் துரை."

"அவன் சொன்னா நான் திருடனாயிருவேனா?"

வேலை போவது எனக்குப் புதிதல்ல. திருடன் என்று பேர் வாங்கிக்கொண்டு போக மட்டும் மனம் இல்லை. மறுநாள் வேலையோடு வேலையாக அடுக்குகளை நோட்டம் விட்டேன். கீழ் வரிசைப் புட்டிகள் கழுத்துவரை நிறைந்திருந்தன. கூரையை ஒட்டிய வரிசைகளில்தான் குறைச்சல்.

சனிக்கிழமை துரை வந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்துஸ்தானியில் சொன்னேன்:

"துரை, கைக்கு எட்டுற கீழ் வரிசையெல்லாம் நிறைஞ்சபடி இருக்கு. திருடறவன் ஏணி போட்டு ஏறியா குடிப்பான்? மூடியில ஈயத் தகடு ஒட்டுனபடி இருக்கு. தக்கை வழியா ஊசி மாதிரி உள்ளே போனேனா?"

"வாயை மூடுடா" என்றார் மேஸ்திரி.

"திறன்னு சொன்னதும் நீங்கதானே?"

துரை தானே ஏணியில் ஏறினார். மேல் வரிசையில் ஒன்றை எடுத்துத் திறந்தார். காய்ந்துபோன தக்கை பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒரு வாய் வைத்துவிட்டுத் தரையில் துப்பினார். படுத்திருந்தால் தக்கை நனைந்தபடி இருக்கும், நிறுத்தியதால் கூரைச் சூட்டில் காய்ந்து சுருங்கிக் காற்று உள்ளே போய்விட்டது என்று கத்தினார். நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டார்.

மேஸ்திரி எங்களைப் பார்த்தார். பாய்க்காரர்தான் சொன்னார்: "மேஸ்திரிதாங்க."

மிச்சத்தைப் படுக்க வைத்தோம். புளித்துப்போன வரிசைகளைச் சாக்கடையில் கொட்ட உத்தரவானது. எட்டுப் பேருக்கும் வேலை இருக்கிறது என்றார் துரை. திருடர் என்று சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தோட்டம் வைத்த அந்தக் குடும்பத்தாரிடம் அவர் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கலாம். எங்களிடம் கேட்கவில்லை.

சாயங்காலம் மணி அடித்தது. மேஸ்திரி வழக்கம்போல வாசலில் நின்றார். துரை அறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாயைத் திற."

நான் திரும்பிப் போனேன். சாக்கடை ஓரத்தில் கொட்டாமல் கிடந்த ஒரு புட்டியை எடுத்து நின்றபடியே பாதியைக் குடித்தேன். துருப்பிடித்த தகரத்தில் ஊறிய புளித்தண்ணீர் மாதிரி இருந்தது. வாசலுக்கு வந்து, மேஸ்திரியின் மூக்குக்கு நேரே வாயை அகலத் திறந்தேன்.

"நல்லா மோந்து பாருங்க. இன்னிக்குத்தான் குடிச்சேன்."

"நாளைக்கு வராதே!"

"வர்றதா இல்ல."

ஊரின் மறுகோடியில் பசுந்தாங்கில் அரிசி ஆலைகள் இருந்தன. தவிட்டுத் தூசியில் இருமிச் சாகலாம், வாயை யாரும் முகர மாட்டார்கள். தெருவில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். அடுத்து நின்றவர் பாய்க்காரர். மேஸ்திரி "ம்" என்று முகத்தை நீட்டினார். இரண்டு பெண்களைப் பெற்ற அந்த மனுஷன் உதடுகளை இறுக மூடிக்கொண்டு அவரைத் தாண்டி நடந்தார். அவர் பின்னால் நின்ற ஆறு பேரும் வாயைத் திறக்கவில்லை.