இரண்டு பூட்டுக் குடியரசு

சாம்பல் நிற இரும்பு பீரோ ஒன்று. அதன் கைப்பிடிக்கு மேலே ஒரு கொண்டி, கீழே ஒரு கொண்டி, இரண்டிலும் உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டு. மேல் பூட்டின் சாவி தலைவரிடம், கீழ்ப் பூட்டின் சாவி துணைத் தலைவரிடம். உள்ளே நகையும் கிடையாது, பத்திரமும் கிடையாது. கிராம சபைத் தீர்மானப் புத்தகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் எழுத வேண்டியவள் நான், ஊராட்சிச் செயலர். என்னிடம் எந்தச் சாவியும் இல்லை. இப்போதும் எங்காவது இரும்பு பீரோவைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வந்துவிடுகிறது.

கோவில்பட்டியிலிருந்து போகும் டவுன் பஸ் அந்த பீரோ இருந்த ஊரோடு திரும்பிவிடும். அதற்கு அப்பால் கொஞ்ச தூரம் மக்காச்சோளக் காடு, அதையும் தாண்டினால் வேறு மாவட்டம். எங்கள் மாவட்டத்தின் கடைசி ஊர் என்பதால் எல்லாமே அங்கே கடைசியாகத்தான் வரும். கரிசல் கிணற்றுத் தண்ணீர் உப்பு, வாயில் வைக்க முடியாது. தாமிரபரணிக் குழாய் எட்டு ஊரைத் தாண்டி வருவதற்குள் இளைத்துப்போகும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை, ஆளுக்கு ஐந்து குடம். அதுவும் மோட்டார் பழுதானால் இல்லை. ஊர் அப்போது சேர்ந்திருந்த பழைய ஊராட்சியில் கேட்டால், “கடைசி ஊருல்லா, அப்படித்தான் இருக்கும்” என்பார்கள். தனி ஊராட்சி வேண்டும் என்ற ஆசை அந்தப் பதிலில் பிறந்ததுதான்.

அந்த ஆசைக்காக அலைந்தவர்கள் இரண்டு பேர். ஊரை இரண்டாகப் பிரிக்கிற ஓடைக்கு மேற்கே மேலூரில் பருத்தியும் உளுந்தும் போட்டுக்கொண்டிருந்தவர் பின்னால் தலைவரானார். ஓடைக்குக் கிழக்கே கீழூரில் மளிகைக் கடையும் தீப்பெட்டி செய்கிற சின்ன ஆபீசும் வைத்திருந்தவர் துணைத் தலைவரானார். மனுக்களை உரச்சாக்கில் சுற்றிக்கொண்டு இருவரும் ஒரே பைக்கில் தூத்துக்குடிக்குப் போவார்கள். எத்தனை திங்கட்கிழமை போனார்களோ! ஒரு பொட்டலச் சோற்றைப் பிரித்து இரண்டு பேரும் சாப்பிட்டதைக் கலெக்டர் ஆபீஸ் மரத்தடியில், வேறு வேலையாகப் போயிருந்த நானே பார்த்திருக்கிறேன். கடைசியில் உத்தரவு வந்தது. தேர்தல் முடிந்து முதல் நாள் அலுவலகத்துக்கு வந்த தலைவர் நாற்காலியில் உட்காராமல் ஜன்னல் வழியே ஊரைப் பார்த்துக்கொண்டு நின்றார். “இனிமே நம்ம தனி நாடு, கிளார்க்கம்மா. ஒருத்தன் வாசல்ல போயி நிக்க வேண்டியதில்ல” என்றார். எனக்குக் கண் கலங்கியது.

அந்தக் குட்டி நாடு தன் முதல் குடியரசு தினத்தையே உருப்படியாகக் கொண்டாடவில்லை. கொடியை மேலூரில் ஏற்றுவதா, கீழூரில் ஏற்றுவதா என்று கிளம்பிய பேச்சு இரண்டு கொடிக்கம்பத்தில் போய் முடிந்தது. காலை ஏழு மணிக்கு ஓடைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நான் மிட்டாய்ப் பையோடு ஓடினேன். அடுத்தது அலுவலகம். அது மேலூர்ச் சாவடியில் இருந்தது கீழூருக்குப் பொறுக்கவில்லை. புத்தகத்தைக் கீழூருக்குத் தூக்கிப் போகப்போகிறார்கள் என்று ஒருநாள் வதந்தி கிளம்பியது. மேலூர்ப் பெண்கள் அறுப்பை விட்டுவிட்டு, கையில் அரிவாளோடு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சமாதானம் பேசியவர்கள் சொன்ன வழிதான் அந்த இரண்டு பூட்டு. அம்மன் கோயில் உண்டியலுக்கு இரண்டு ஊருக்கும் ஒவ்வொரு சாவி உண்டு, அதே மாதிரி வைத்துக்கொள்வோம் என்றார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். உண்டியலை வருஷத்துக்கு ஒருமுறை திறந்தால் போதும், ஊராட்சி அப்படியில்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். யார் கேட்டார்கள்?

இரண்டாம் வருஷம் மேல்நிலைத் தொட்டிக்கு ஒப்புதல் வந்தது. தனிக் குழாயும் தனித் தொட்டியும் வந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். ஊராட்சி உண்டானதே இதற்காகத்தான். எந்தப் பக்கம் கட்டினாலும் இரண்டு பக்கமும் தண்ணீர் ஏறும் என்று இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். அப்படியும் ஐந்து மாதம் போனது. கடைசியில் ஓடைக்கரைப் பள்ளிக்கூட மைதானம் என்று முடிவாகி, தீர்மானம் எழுதி, கையெழுத்தெல்லாம் வாங்கி, புத்தகம் பீரோவுக்குள் போனது. நகலை ஒன்றிய அலுவலகத்தில் ஒப்படைக்கக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

அன்று காலை பத்து மணிக்கே இருவரும் சாவியோடு வந்துவிட்டார்கள். பின்னால் இரண்டு ஊர் ஆட்களும் வந்து நின்றார்கள். “திறங்க அண்ணாச்சி” என்றார் தலைவர். “நீங்க தலைவருல்லா, நீங்க திறங்க” என்றார் துணைத் தலைவர். முதலில் நான் அதை மரியாதை என்று நினைத்தேன். பதினொரு மணிக்குத்தான் எனக்கு உறைத்தது. முதலில் திறப்பவர் இறங்கி வந்தவர் ஆகிவிடுவார். அவர் ஊரும் இறங்கிப்போய்விடும். டீ வந்தது, சாப்பாட்டு நேரம் போனது. நான் கெஞ்சினேன், அதட்டினேன், சாவியை என்னிடம் கொடுங்கள் என்று கையை நீட்டினேன். “அவிய கொடுத்த பொறவு நான் தாரேன்” என்று இரண்டு பேருமே சொன்னார்கள். மூன்றரை மணி பஸ் போனது. நான்கு மணி பஸ்ஸும் போனது. அதற்கு மேல் நான் கிளம்பிப் பிரயோஜனமில்லை.

வாசலில் கிடந்த ஒரு கல்லை எடுத்து அந்த இரண்டு பூட்டையும் உடைத்திருக்கலாம். அரசாங்கப் புத்தகம், எழுதுகிறவள் நான், யார் என்ன செய்திருப்பார்கள்? அவர்களைத் திட்டுகிற வாயால் என்னையும் திட்டிக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது. மறுவாரம் குழாயடியில் ஒரு பெண் இடுப்புக் குடத்தை இறக்காமலேயே கேட்டாள். “ஆம்பளைங்க ரோசத்துல நின்னாவ, சரி. உங்களுக்கு என்ன கேடு? நீங்களாச்சும் ஒடச்சிருக்கலாம்லா?”

தொட்டி பக்கத்து ஊராட்சிக்குப் போனது. அடுத்து வந்த மறுசீரமைப்பில், இவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை என்று ஒரு வரி எழுதி, ஊரைப் பழைய ஊராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். எதிர்த்து ஒரு மனுகூடப் போகவில்லை. போகவேண்டிய இருவரும் அப்போது பேசிக்கொள்வதில்லை. அந்தப் பழைய ஊராட்சியில்தான் நான் இப்போது வேலை பார்க்கிறேன்.

இந்தச் சித்திரையில் இருவரும் ஒன்றாக வந்தார்கள். தலைவருக்கு முடி நன்றாக நரைத்திருந்தது. துணைத் தலைவர் பைக்கை ஓட்டி வந்திருந்தார். மறுபடியும் தனி ஊராட்சி வேண்டுமென்று மனு. அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டதைப் பார்த்து எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. உள்ளே உட்காரவைத்து மனுவை வாசித்தேன். நியாயமாக, தெளிவாக எழுதியிருந்தார்கள். அடியில் கையெழுத்து மட்டும் இல்லை.

“கையெழுத்துப் போடலையா?”

இருவரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். “முதல்ல போடுதவருக்கு அப்படி என்னங்க குறைஞ்சு போகும்?” என்று கத்திவிட்டேன். அன்று பீரோ முன்னால் கத்தியிருக்க வேண்டிய கத்தல் அது. பக்கத்து மேஜைக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

தலைவர்தான் மெதுவாகச் சொன்னார். “கோவப்படாதீய கிளார்க்கம்மா. நீங்களே எங்க பேரை அகர வரிசையில எழுதிருங்க. அதுபடியே போட்டுருதோம்.”

“அகர வரிசைன்னா அவிய பேருல்லா முன்னால வரும், எங்க ஊரு கீழ போயிரும்” என்றார் துணைத் தலைவர்.

வெளியே போய்க் கலந்து பேசிவிட்டு வருகிறோம் என்றார்கள். இப்போது ஐப்பசி. கையெழுத்தில்லாத மனு என் மேஜையில் கிடக்கிறது. அந்த ஊருக்கு நேற்றே தண்ணீர் முறை, மோட்டார் பழுது என்று இன்னும் திறந்துவிடவில்லை. காலையிலிருந்து அங்கிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது. கடைசி ஊர் அல்லவா, அப்படித்தான் இருக்கும் என்று நானே மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன்.