கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்

இருட்டிய பிறகு வீட்டுக்குள் ‘நறநற’ என்று சத்தம் கேட்டால் மற்றவர்கள் எலி என்று நினைத்துப் புரண்டு படுக்கலாம். பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவளுக்கு அந்த நிம்மதி கிடையாது. தூக்கத்தில் பல்லைக் கடித்தது என் மகள் ஜெனி. யு.கே.ஜி. படிக்கிறாள். இவளைச் செக்கப்புக்குக் கூட்டிப்போக வேண்டுமே என்று நினைத்த அன்றோடு என் தூக்கம் போயிற்று. இதையும் வீடு அடங்கிய பிறகுதான் எழுதுகிறேன்.

தேனியில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் முன்மேசையில் எனக்கு வேலை. கான்வென்ட்டில் படித்தவள், பதமாகப் பேசுவாள் என்று வேலை கொடுத்தார்கள். “ஒண்ணும் இருக்காதுங்க, கண்ணாடி வச்சுப் பாப்பாக, அவ்வளவுதான்” என்று நாள் முழுக்கச் சொல்வேன். உள்ளே இருக்கும் அந்தப் பல் நாற்காலியைப் பார்த்தாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கும் என்பது டாக்டரம்மாவுக்குத் தெரியாது. வாசலில் செருப்பைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பியவர் உங்களில் யாராவது இருந்தால், நாமெல்லாம் ஒரே கட்சி.

வெறும் வயிறு

கடமலைக்குண்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஒரு பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். விசாரித்தால், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லையாம். செக்கப் என்றாலே வெறும் வயிறு என்று மருமகள் சொல்லி அனுப்பியிருக்கிறாள். “பல்லுக்கு அதெல்லாம் வேணாம்மா, சாப்பிட்டு வாய் கொப்பளிச்சுட்டு வந்தாப் போதும்” என்று பக்கத்துக் கடை இட்லியை வாங்கிக் கொடுத்தேன். இரண்டு இட்லி உள்ளே போன பிறகுதான் பேச்சே வந்தது: “வாயத் தொறந்தா வயிறு வரைக்கும் பாத்துருவாகன்னுல்ல நெனச்சேன், ஆத்தா!”

முன்னேற்பாடு

சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, மாத்திரை எதுவும் சாப்பிடுகிறீர்களா என்று முதலில் கேட்பது வழக்கம். வடுகபட்டிப் பூண்டு வியாபாரி ஒருவர் எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார். உள்ளே போய் வாயைத் திறந்ததும் டாக்டரம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. வலி தெரியாமலிருக்கக் கடைவாயில் பூண்டை நசுக்கி அடைத்து வந்திருக்கிறார்.

“வலியை மறைக்கலாமாய்யா? எங்கன வலிக்குதுன்னு தெரிஞ்சாத்தானே பாக்க முடியும்?” என்றார் டாக்டரம்மா. பெரியவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை: “மாஸ்க்கையும் மீறி வருதுல்ல? அதாம்மா நம்ம சரக்கு!”

திறந்த வாய்

கோம்பையிலிருந்து ஒரு கணவன் மனைவி. கணவரைச் சாய்த்துப் படுக்கவைத்து, குட்டிக் கண்ணாடியும் கொக்கிக் கம்பியுமாக டாக்டரம்மா ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். அந்தக்கா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, கொழுந்தன் கல்யாணத்தில் தனக்குச் சேலை எடுக்காததிலிருந்து ஆரம்பித்தார். அவர் “ஆ... ஆ...” என்று கையை ஆட்டினார், வேறென்ன செய்ய முடியும்? முடிந்தது, எழுந்திருங்கள் என்றதும் அந்தக்கா பதறிவிட்டார்: “கல்யாணம் ஆன நாள்லருந்து இன்னைக்குத்தான் இவுக குறுக்க பேசல. இன்னும் ரெண்டு பல்லப் பாருங்க, டாக்டர்!”

ஜெனியின் முறை

ஜெனியை என் மடியில் வைத்துக்கொண்டு அதே நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். பல் கடிப்பது இந்த வயதில் சகஜம், தேய்மானம் லேசானதுதான் என்றார் டாக்டரம்மா. மூச்சு விட்டேன். “பின்னால ஒண்ணுல சின்னச் சொத்தை. இப்பவே அடைச்சிட்டா வேர் வரைக்கும் போகாது” என்றார். பிள்ளை வாயைப் பெரிதாகத் திறந்துதான் வைத்திருந்தாள். மெஷின் ‘ஞொய்ங்’ என்றதும் “ஐயோ, வேணாம்!” என்று அலறியது நான். அவ்வளவுதான், பிள்ளை உதட்டை இறுக்கிக்கொண்டாள். டாக்டரம்மா கெஞ்சினார்; பொம்மையைக் காட்டினார். அசையவில்லை. இன்றைக்கு விட்டால் இவள் இந்தப் பக்கமே வரமாட்டாள், சொத்தை வேரைத் தொட்டுவிடும், கெடுத்தது நான்தான்.

கடைசியில் ஜெனியே வாயைத் திறந்தாள், எனக்கு உத்தரவு போட: “அம்மா, நீ வெளிய போ. நீ கத்துனாத்தான் எனக்குப் பயமா இருக்கு.”

போனேன். கதவிடுக்கில் ஒரு கண்ணை வைத்தேன். அதையும் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கி வந்தவள், எம்பி எம்பி, உள்ளிருந்து ‘டக்’கென்று தாழ்ப்பாளைப் போட்டாள்.

செக்கப்பில் என்னென்ன நடக்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, அம்மாவை வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போடுவார்கள் என்பது மட்டும் தெரியாமல் போயிற்று.