நயினாரின் மூன்று பட்டாளத் துப்பாக்கிகள்

எறும்பு வரிசை குறுக்கே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற ஆள் விருசபதாசன். அவர் வீட்டில் மூன்று துப்பாக்கி இருந்தது என்றால் யார் நம்புவார்கள்? வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே, மரத்தடியில் மனு எழுதிப் பிழைக்கிறவன் நான். அவருக்கு மட்டும் பதினோரு மனு எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டை.

அவர் ஜைனர், நாங்கள் நயினார் என்போம். திருவண்ணாமலையில் தையல் மிஷின் ரிப்பேர் கடை. 1989-ல் ஆற்காட்டில் ஒரு பழைய பங்களாச் சாமான் ஏலத்தில் உடைந்த மிஷின்களை மொத்தமாக எடுத்தபோது, ஒன்றின் பெட்டிக்குள் முதல் ரிவால்வர் கிடைத்தது. அமெரிக்காக்காரன் மேற்கே மேற்கே போய் ஊர் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் அவன் பட்டாளம் இடுப்பில் கட்டியது. இந்தக் காலத்துத் தோட்டா அதற்கு ஆகாது. உருளையில் இருக்கிற ஆறு குழியிலும் வெடிமருந்து கொட்டி, ஈயக் குண்டை இடித்து இறக்க வேண்டும். உருளையைச் சுற்றிப் பாய்மரக் கப்பல்கள் சண்டை போடுகிற மாதிரி நுணுக்கமாகச் செதுக்கியிருந்தது. மனுஷன் அதில் விழுந்தவர்தான். ஏற்காடு, பெங்களூர் என்று அலைந்து, அதே காலத்தது இன்னும் இரண்டு பிடித்தார்.

"அகிம்சை பேசற வூட்ல ஆயுதசாலையா?" என்றார் மனைவி குணமதி.

"சுடறதுக்கா வாங்கனேன்? பாக்கறதுக்குத்தானே?"

1996 தேர்தலுக்கு முன், துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப் போனார்கள். அது லைசென்ஸ்காரர்களுக்கு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி, இவர் மூன்றையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு தானாகவே போய் நின்றார். லைசென்ஸ் எங்கே என்றார்கள். இல்லை. வலிய வந்தவர் என்பதால் ஆளை விட்டார்கள், பையை விடவில்லை. முறையான உத்தரவு வாங்கி வராவிட்டால் மூன்றும் உருக்கப்படும் என்றார்கள்.

அப்படித்தான் என்னிடம் வந்தார். லைசென்ஸ் பாரத்தில் 'எதற்காக' என்று ஒரு கட்டம் உண்டு. வருகிறவர்களுக்கெல்லாம் நான் எழுதுவது ஒன்றே: பயிர்ப் பாதுகாப்பு, காட்டுப்பன்றி. அதையே எழுதி நீட்டினேன்.

"பன்னியச் சுடறேன்னு நான் கையெழுத்துப் போட்றதா? மனசால நெனைச்சாலே எங்களுக்குக் கொன்ன பாவங்க. அந்த வரிய அடிச்சிடுங்க."

"அப்ப தற்காப்புன்னு போட்றேன்."

"அதுக்கும் எவனையாவது சுடணுமே? பாக்கறதுக்குன்னு எழுதுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். திரும்பி வந்தது. அடுத்ததிலும் அதையே எழுதச் சொன்னார். அதற்கடுத்ததிலும். ஐந்து வருஷம். "பாக்கறதுக்கு நயினார் வந்துட்டாரு" என்று பியூன் சிரிப்பார். இவர் அசரவில்லை. சாயங்காலம் வரச் சொன்னால், பொழுது சாய்ந்தால் ஜைனர் சாப்பிடக்கூடாதே என்று என் மரத்தடியிலேயே டிபன் பாக்ஸை முடித்துவிட்டு மறுபடி வரிசையில் நிற்பார். இந்தப் பிடிவாதத்தில் பாதி இருந்திருந்தால் நான் வக்கீலாகியிருப்பேன்.

2001-ல்தான் ஒரு அதிகாரி மனுவை முழுசாகப் படித்தார். சுடவே முடியாத பழம்பொருளுக்கு லைசென்ஸே வேண்டாம் என்றார். எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, மூன்றையும் மேஜைக்கு வரவழைத்தார். துரு ஏறிக் கிடந்தன.

"மூணும் சுடாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போங்க."

நான் பேனாவைத் திறந்துவிட்டேன். நயினார் ஏலத்தில் கிடைத்ததைத் தொட்டார்.

"அது ரெண்டும் ஒடைஞ்சதுங்க, எப்பவும் சுடாது. இது சுடும். ஸ்பிரிங் போயிருந்துச்சு, நான்தான் புதுசா செஞ்சு போட்டேன்."

மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தேன்.

"எதுக்குங்க போட்டீங்க?" என்றார் அதிகாரி.

"சுத்தாத மிஷின அப்படியே வுட மனசு வரலைங்க."

"அப்ப இதைத் தர முடியாது, உருக்கத்தான் அனுப்பணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." அதிகாரியே வழி விட்டுப் பார்த்தார்.

"யோசிக்க என்னாங்க இருக்குது? அது சுடும்."

எனக்கு அவரை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

மற்ற இரண்டும் சுடாது என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு, "அஞ்சு நிமிஷம் குடுங்க சார்" என்று சட்டைப் பையிலிருந்து மிஷின் எண்ணெய்க் குப்பியை எடுத்தார். உருளையைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்து, குழிக்கு ஒரு சொட்டு விட்டார்.

"உருக்கப் போறதுக்கு எதுக்குங்க எண்ணெய்?" என்றார் அதிகாரி.

"அதுக்காவ துருவோட அனுப்ப முடியுங்களா?"

மாட்டிச் சுற்றிப் பார்த்து, இரண்டு கையாலும் நீட்டினார். மற்ற இரண்டையும் எடுத்துக்கொண்டு மரத்தடி வரைக்கும் நிமிர்ந்தே நடந்து வந்தார். அங்கே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.