வெற்றிடக் கலனுக்குள் வைத்த பொட்டு

தர்ஷினி என்ற ஆய்வு மாணவியின் படிப்பைக் கெடுத்தவன் நான்தான். போதுமா? இனி விவரம் கேளுங்கள்.

செமிலிங் பக்கம் எங்கள் ஆய்வுக்கூடம். வேதியியலில் 'தனி உறுப்பு' என்கிற ஃப்ரீ ராடிக்கல்களை ஆராய்கிறோம். ஜோடி சேராத ஓர் எலக்ட்ரானோடு அலைந்து, கண்டதோடெல்லாம் ஒட்டிக்கொள்ளத் துடிக்கும் துணுக்குகள் அவை... முப்பத்தெட்டு வயதிலும் மாப்பிள்ளையாகாத என்னைப் போல! அவற்றைக் கற்றையாகப் பாய்ச்சி, இன்னொரு மூலக்கூறுக் கற்றையின் குறுக்கே மோதவிட்டு, என்ன பிறக்கிறது என்று பார்ப்போம். எல்லாம் காற்றை உறிஞ்சி எடுத்த எஃகுக் கலனுக்குள். ஒரு விரலின் எண்ணெய்ப் பசை பட்டாலும் அளவீடு நாசம்.

ஆயுத பூசையன்று கலன் திறந்து கிடந்தது. கரங்கான் தோட்டத்தில் அப்பாவின் லோரிக்கே பொட்டு வைத்து வளர்ந்தவன் நான். இத்தனை பெரிய இயந்திரம் வெறும் நெற்றியோடு நிற்பதா? வெளியே வைத்தால் பேராசிரியர் பார்த்துவிடுவார்... ஆகவே உள்ளே வைத்தேன்! கையுறையைக் கழற்றி, மோதிர விரலால், கற்றை பாயும் குழாய்க்குப் பின்னால் சந்தனம். அதன்மேல் குங்குமம். என் அறிவைப் பார்த்தீர்களா?

மறுநாள் கலனை மூடியவள் தர்ஷினி. அதன்பின் திரையில் சம்பந்தமே இல்லாத பொருள்களின் அடையாளங்கள். வாரக்கணக்கில் அவள் அளந்ததெல்லாம் குப்பை.

"வெறுங்கையால தொட்டியாம்மா?" என்றார் பேராசிரியர்.

"சத்தியமா இல்ல லா சார்! அண்ணே, நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க, சொல்லுங்கண்ணே!"

"நான் கவனிக்கல சார்," என்றேன்.

ஊர்வாயை அடைக்கும் இந்த வாய்க்கு அன்று வேறெதுவும் வரவில்லை!

கலனைச் சுத்தம் செய்கிறேன் என்று நானே முந்திக்கொண்டேன். பொட்டைத் துடைத்தேன். பொறுப்பானவன் என்று பெயரும் வாங்கினேன். பேராசிரியர் அவளைக் கருவியின் பக்கமே விடவில்லை. கருவி இல்லாமல் ஆய்வு ஏது? பாதியில் விட்டுப் போனாள். இப்போது மெர்கோங்கில் டியூஷன் எடுக்கிறாள்.

பொட்டு வைத்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்! சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். வாய் திறக்காததற்கு...? அங்கேதான் என் வீராப்பு நொண்டுகிறது.

போன வாரம் அழைத்தாள். "அண்ணே, அந்தக் கோளாறு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுச்சா? ஒருவேளை நான்தான் தெரியாம தொட்டுட்டேனோ?"

அவளே நம்பத் தொடங்கிவிட்டாள்!

"அதெல்லாம் விடும்மா," என்றேன். "சாப்பிட்டியா?"

உங்களிடம் சொல்ல முடிகிறது... அவளிடம் முடியவில்லை. முறைக்காதீர்கள். நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களாக்கும்!